ஆன்டெனாவும் யாகியும்

ஆன்டெனா என்பது இலத்தீன் மொழியின் கப்பற்சொல். பாய்மரத்தின் குறுக்கே கட்டி, பாயைத் தொங்கவிடும் நீண்ட மரத்துக்கு உரோமானியர் வைத்த பெயர் அது. அதே மரத்தைத் தமிழ்க் கடலோடிகள் பருமல் என்பார்கள். கடலில் பிறந்த இந்தச் சொல் வானொலிக்கு வருமுன் பூச்சிகளின் தலையில் ஏறியது. விலங்குகளைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய கிரேக்க நூலில் பூச்சியின் உணர்வுறுப்புகளுக்குக் ‘கெராயா’ என்ற சொல் வருகிறது. கொம்பைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்த கெராயாவுக்குக் கப்பலின் பருமல் என்ற பொருளும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அந்நூலை இலத்தீனில் பெயர்த்த தியோடோரஸ் காசா, பருமலைக் குறிக்கும் ஆன்டெனாவை அங்கே ஆண்டார். ஐரோப்பிய மொழிகளில் அது நிலைத்துவிட்டது. தமிழ் விலங்கியல் நூல்கள் வழங்கும் ‘உணர்கொம்பு’ கிரேக்க மூலத்துக்கே நெருக்கமானது. தமிழிலும் கொம்பு என்றால் மாட்டின் கொம்பும் உண்டு, மரத்தின் கிளையும் உண்டு.

வானொலித் துறைக்குள் இச்சொல் இத்தாலி வழியாக வந்தது. 1895இல் போலோன்யா நகருக்கு அருகே தன் குடும்ப மாளிகையில் சோதனை செய்த மார்க்கோனி, கம்பியின் ஒரு முனையை உயரத்தில் கட்டி, மறுமுனையை நிலத்தோடு இணைத்தால் குறிப்பலைகள் வெகுதூரம் போவதைக் கண்டார். இத்தாலியர் நெடிய கம்பத்தையும் ஆன்டெனா என்றே சொல்வார்கள். கம்பத்தின் பெயர் அதில் கட்டிய கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் நெடுங்காலம் ‘ஏரியல்’ என்றே சொல்லிவந்தனர். வால்வு வானொலிக் காலத்தில் தமிழ் வீடுகளின் கூரைமேல் கட்டிய கம்பிக்கும் ஏரியல்தான் பெயர். தொலைக்காட்சி வந்தபின் ஆன்டெனா முன்னுக்கு வந்தது. விண்ணலைக்கம்பி, அலைவாங்கி ஆகிய தமிழாக்கங்களும் எழுத்தில் உண்டு. ஆனால் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர் அதே கம்பியால் அலையை வாங்கவும் செய்கிறார், வீசவும் செய்கிறார். அலைவாங்கி என்ற பெயரில் பாதி வேலைதான் அடங்கும்.

நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கம்பி சுற்றிலும் எல்லாத் திசைக்கும் அலையைப் பரப்பும். அதை ஒரு பக்கமாகத் திருப்பும் முயற்சி மார்க்கோனிக்கும் முந்தியது. 1888இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், பரவளைய வடிவில் வளைத்த துத்தநாகத் தகட்டை வைத்து அலைகளைக் கற்றையாகக் குவித்துக் காட்டினார். தகடு பெரிது, கனமானது. தகடே இல்லாமல் சில கம்பிகளைக் கொண்டே அலையைத் திருப்பும் வழி ஜப்பானின் செண்டாய் நகரில், தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியின்கீழ் பணியாற்றிய ஷிண்டாரோ உடாவே சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர். அவருடைய முதல் கட்டுரைகள் 1926இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன. காப்புரிமை யாகியின் பெயரில் பதிவானது. 1928இல் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழக இதழில் ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதியவரும் யாகிதான். அக்கட்டுரை உடாவின் பணியைக் குறிப்பிட்டும், ஆங்கிலம் அறிந்த உலகம் யாகி என்ற பெயரையே பிடித்துக்கொண்டது. பாடநூல்கள் இப்போது யாகி–உடா என்று இருவரையும் சேர்த்து எழுதுகின்றன. பேச்சில் யாகி மட்டுமே.

பெயர் எவ்வளவு தூரம் பொதுச்சொல்லாகிவிட்டது என்பதை 1942 காட்டியது. சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினருக்குப் பிரித்தானிய ரேடார் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப வந்த ‘யாகி’ என்ற சொல் அவர்களுக்கு விளங்கவில்லை. போர்க்கைதியான பிரித்தானியத் தொழில்நுட்பரைக் கேட்டபோதுதான் அது தங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று தெரிந்தது. ஜப்பானிய எழுத்தில் யாகி என்ற குடும்பப்பெயர் ‘எட்டு’, ‘மரம்’ என்னும் இரு குறிகளால் ஆனது.

யாகியின் உறுப்புகளை ஹாம்கள் எலிமென்ட் என்பர். குறைந்தது மூன்று எலிமென்ட் உள்ள அமைப்பே வழக்கம். வானொலிப் பெட்டியிலிருந்து வரும் கேபிள் நடுவில் உள்ளதில் மட்டுமே இணையும். பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் சற்று நீளமானது, முன்னால் இருக்கும் டைரக்டர் சற்றுக் குட்டையானது. இவ்விரண்டிலும் கேபிள் தொடுவதில்லை. நடுக்கம்பியின் அலை பட்டு இவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. நீள வேறுபாட்டால் அம்மின்னோட்டம் ஒன்றில் பிந்தியும் மற்றதில் முந்தியும் ஓடுகிறது. மூன்றும் வீசும் அலைகள் முன்புறத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், பின்புறத்தில் பெரும்பாலும் ஒன்றையொன்று அழிக்கும்.

எலிமென்ட்டுகளைத் தாங்கும் நடுத்தண்டுக்குப் பெயர் பூம். பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கப்பல் மரத்தின் பெயர் அது. டச்சு மொழியில் பூம் என்றால் மரம். திசை ஆன்டெனாவை ஹாம்கள் ‘பீம்’ என்றும் சொல்வார்கள். பழைய ஆங்கிலத்தில் பீம் என்பதும் மரமே. அது உத்தரத்தையும் பிறகு ஒளிக்கற்றையையும் குறிக்கலாயிற்று. தாங்கிநிற்கும் கம்பத்துக்கான மாஸ்ட் என்ற சொல்லும் பாய்மரத்தின் பெயரே.

சொற்களில் மரம் இருந்தாலும் பொருளில் இப்போது பெரும்பாலும் அலுமினியமோ பிவிசியோதான். கையில் பிடிக்கும் அளவுக்கு இலேசாக வீட்டிலேயே செய்யும் யாகிகளில் பெயர்பெற்றது, எஃகு அளவு டேப்பை வெட்டிச் செய்வது. 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர், அதில் பாதி 1 மீட்டர். பரவலாக வழங்கும் அளவின்படி ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., டைரக்டர் 89 செ.மீ. நடு எலிமென்ட் இரண்டு துண்டாக, இடைவெளியும் சேர்த்து 93 செ.மீ. ரிஃப்ளெக்டரிலிருந்து 20 செ.மீ. தள்ளி நடு எலிமென்ட், அங்கிருந்து 32 செ.மீ. தள்ளி டைரக்டர். தண்ணீர்க்குழாய்க்கான பிவிசி பைப்பே பூம், இணைப்புகளுக்கு டீயும் கிராஸும். டேப்பை அவற்றில் குழாய் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். கேபிள் சேருமிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். இந்த அமைப்பின் மின்மறுப்பு கேபிளின் 50 ஓமைவிடக் குறைவு. அதை ஈடுகட்ட, கொண்டை ஊசிபோல் வளைத்த சிறு கம்பியொன்றை நடு எலிமென்ட்டின் இரு துண்டுகளுக்கும் குறுக்கே பற்றவைப்பது வழக்கம்.

டேப் வளைந்து நிமிரும் என்பதால் புதர்களுக்குள் நுழைந்தாலும் உடைவதில்லை. மறைத்துவைத்த அலைபரப்பியைத் தேடும் ‘ஃபாக்ஸ் ஹன்ட்’ விளையாட்டில் இது பெரிதும் பயன்படுகிறது. செயற்கைக்கோள் தொடர்புக்கும் இலேசான யாகியே ஏற்றது. 2005இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் செயற்கைக்கோள் 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் குறிப்பலை அனுப்பிவந்தது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் இத்தகைய செயற்கைக்கோள் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். அந்த நேரம் முழுக்க ஆன்டெனாவைக் கையிலேந்தி அதன் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அலையின் தளம் சுழன்றால் மணிக்கட்டையும் சுழற்ற வேண்டும். கனமான பூம் இதற்கு உதவாது. ஹாம்களின் பேச்சில் இவையெல்லாம் ‘மூணு எலிமென்ட் யாகி’, ‘டேப் யாகி’ என்றே வழங்குகின்றன.