ஃபிராப்பே சட்டகத்தில் தரவுத்தளப் படிவங்கள்

ஃபிராப்பே, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதப்பட்டு மும்பையில் உருவான கட்டற்ற வலைச் சட்டகம். தரவுத்தளத்தோடு இணைந்த படிவங்களைப் பெரும்பாலும் நிரல் எழுதாமலே இதில் அமைக்கலாம். படிவத்தின் வரையறையும் ஒரு பதிவாகத் தரவுத்தளத்திலேயே இருப்பது இதன் தனித்தன்மை. எந்தப் புலம் எங்கே வரும், எது கட்டாயம், யார் திருத்தலாம் என்பவை அட்டவணை வரிகளாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் தோன்றும் படிவமும், அதன் அடியிலுள்ள அட்டவணையும், தேடும் பட்டியலும் அந்த வரிகளைப் படித்தே உருவாகின்றன.

வலைப்பக்கத்தில் படிவம் என்பது 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் முறைப்படி இடம்பெற்றது. அக்காலத்தில் ஒரு புலத்தைச் சேர்க்க மூன்று இடங்களைத் தொடவேண்டும்: பக்கத்தின் குறிமொழி, வந்த விவரத்தைச் சரிபார்க்கும் நிரல், அதைத் தரவுத்தளத்தில் எழுதும் கட்டளை. ஒன்றில் விட்டுப்போனால் விவரம் ஓசையின்றித் தொலையும். இந்திய அலுவலகங்களில் அப்போது பரவியிருந்த ஃபாக்ஸ்ப்ரோவில் திரையும் அட்டவணையும் ஒரே கருவிக்குள் இருந்ததால், வலைக்கு மாறியவர்களுக்கு இது பின்னடைவாகவே இருந்தது.

பைத்தான் உலகில் இதற்கு முதலில் விடை தேடியவற்றுள் 1998இல் மூலநிரல் திறக்கப்பட்ட ஜோப் குறிப்பிடத்தக்கது. உலாவியிலிருந்தே தளத்தைக் கட்டலாம் என்ற எண்ணத்தை அது பரப்பியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநில நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ 2005இல் வெளியானது. அதன் தொடக்கப் பதிப்புகளில் படிவ வேலையை மேனிபுலேட்டர் என்ற பகுதி செய்தது. கையாளக் கடினமான அதைக் கைவிட்டு நியூஃபார்ம்ஸ் என்ற புதிய நூலகம் எழுதப்பட்டது, 2008இன் 1.0 பதிப்பில் அதுவே நிலையான படிவ நூலகமாயிற்று. ஜாங்கோவின் மாடல்ஃபார்ம், அட்டவணை வரையறையிலிருந்து படிவத்தைத் தானே வடிக்கும். 2007இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் மாசிமோ டி பியரோ உருவாக்கிய வெப்டுபையில் எஸ்.க்யூ.எல்.ஃபார்ம் அதே வேலையைச் செய்தது. ஆனால் இவ்விரண்டிலும் வரையறை நிரல் கோப்பில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் படிவத்தை நிரப்புபவர் ஒரு புலம் கூடுதலாகக் கேட்டால், நிரலாளர் கோப்பைத் திருத்தித் தளத்தைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்கவேண்டும்.

ஃபிராப்பேயின் வேலை 2005இல் ருஷப் மேத்தாவால் தொடங்கப்பட்டது. பக்கம் எப்படித் தெரியவேண்டும் என்பதோடு, அதிலுள்ள விவரத்தின் பொருள் என்ன என்பதையும் குறிக்கவேண்டும் என்னும் ‘பொருளுணர் வலை’ச் சிந்தனை இதற்குத் தூண்டுதல். வெப்நோட்ஸ் என்ற பெயரில் இயங்கிய அவரது நிறுவனம் தன் வணிக மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட்டைக் கட்ட இச்சட்டகத்தைப் பயன்படுத்தியது. பின்னர் நிறுவனமும் சட்டகமும் ஃபிராப்பே என்றே பெயர் பெற்றன. சட்டகம் எம்.ஐ.டி. உரிமத்திலும், இஆர்பிநெக்ஸ்ட் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்திலும் கிடைக்கின்றன.

படிவத்தின் அலகுக்கு டாக்டைப் என்று பெயர். ஒரு டாக்டைப்பைச் சேமித்தவுடன் மரியாடிபி தரவுத்தளத்தில் அதற்குரிய அட்டவணை தோன்றும். உருவாக்கியவர், உருவான நேரம், கடைசியாகத் திருத்தியவர், திருத்திய நேரம் ஆகியவற்றுக்கான பத்திகள் கேட்காமலே சேர்ந்துவிடும். ஆவண நிலைக்கும் ஒரு பத்தி உண்டு: 0 வரைவு, 1 சமர்ப்பித்தது, 2 ரத்தானது. சமர்ப்பித்த பதிவைத் திருத்தவேண்டுமானால் அதை ரத்து செய்து, திருத்திய நகலைப் புதிதாக இடவேண்டும். கணக்குப் பேரேட்டில் அழித்தெழுதக் கூடாது என்ற பழைய ஒழுங்கே இது.

புலங்களின் வகைதான் படிவத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, விழுப்புரம் மாவட்டம் வல்லம் ஊராட்சி ஒன்றியத்தில் விதை வழங்கலைப் பதிய ஒரு படிவம் அமைப்பதாகக் கொள்ளலாம். சர்வே எண்ணை எண் வகையில் வைத்தால் 45/2அ போன்ற உட்பிரிவு ஏறாது. அது எழுத்து வகையாக இருக்கவேண்டும். எழுத்துப் புலத்தின் வழக்கமான கொள்ளளவு 140 குறிகள். தமிழில் எழுத்து வேறு, குறி வேறு: விழுப்புரம் என்பது ஆறெழுத்து, கணினிக்கோ 11 குறி. முகவரிக்கு ‘சிறு உரை’ வகையே ஏற்றது.

பயிரின் பெயரைக் கையால் அடிக்கவிட்டால் ஒருவர் நிலக்கடலை என்பார், ஒருவர் மணிலா என்பார், மற்றொருவர் மல்லாட்டை என்பார். அறிக்கையில் ஒரே பயிர் மூன்றாகும். பயிர்களையும், திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 7 போன்ற நிலக்கடலை ரகங்களையும் தனித்தனி டாக்டைப்பாக வைத்து, இணைப்புப் புலத்தின் வழியே தேர்ந்தெடுக்கச் செய்வதே முறை. ஒரு விவசாயிக்குப் பல நிலத்துண்டுகள் இருந்தால் அவை உள்ளட்டவணையாக அமையும்.

ஊர்ப்பெயர்களில் சிக்கல் அதிகம். தஞ்சாவூர் அருகே ஒரு வல்லம் உண்டு. செங்கல்பட்டு அருகேயும் தென்காசி அருகேயும் வல்லங்கள் உண்டு. பெயரையே பதிவின் அடையாளமாக வைத்தால் இரண்டாவது வல்லம் நுழையமுடியாது. தொடர் எண்ணை அடையாளமாக்கவேண்டும். ஒன்றியமும் வட்டமும் தனித்தனிப் புலங்களாக இருக்கவேண்டும்: வல்லம் ஒன்றியத்தின் தலைமையிடம் செஞ்சி வட்டத்தில் இருக்கிறது, வல்லம் என்று இம்மாவட்டத்தில் வட்டம் இல்லை. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டப் பெயர்களைப் படிவத்துக்குள்ளேயே தெரிவுப் பட்டியலாக எழுதியவர்கள் ஒவ்வொரு படிவத்தையும் திருத்தவேண்டும்; இணைப்புப் புலம் வைத்தவர்களுக்கு ஒரு பதிவைச் சேர்த்து, வட்டங்களை அதன்கீழ் மாற்றினால் போதும்.

இணைப்புப் புலத்துக்குத் தரவுத்தள மட்டத்தில் அயல்திறவுக் கட்டுப்பாடு (இல்லாத பதிவைச் சுட்டவிடாத தடை) போடப்படுவதில்லை. சேமிக்கும்போது பைத்தான் பகுதியே சரிபார்க்கிறது. தரவுத்தள மரபாளர்கள் இதைக் குறையாகக் காண்பர். புலங்களை அடிக்கடி மாற்றும் அலுவலகச் சூழலுக்கு இந்தத் தளர்வே பொருத்தம்.

நிரல் தேவைப்படும் இடம் சரிபார்ப்பு. டாக்டைப்புக்குரிய பைத்தான் வகுப்பில் ‘வேலிடேட்’ என்ற பெயரில் எழுதும் செயல்கூறு, சேமிப்புக்கு முன் ஒவ்வொரு முறையும் ஓடும். விவசாயி சொல்லும் 40 சென்ட்டை ஏறத்தாழ 0.162 ஹெக்டேராக மாற்றுவது, வழங்கிய விதை இருப்பைவிட மிகுந்தால் தடுப்பது ஆகியவை இங்கு எழுதப்படும். இதே சோதனையை உலாவியில் மட்டும் வைப்பது போதாது.

பிறர் எழுதிய படிவத்தையும் மூலத்தைத் தொடாமல் மாற்றலாம். கூடுதல் புலங்களும் பண்பு மாற்றங்களும் தனி அட்டவணைகளில் நிற்பதால், சட்டகத்தைப் புதுப்பித்தாலும் அவை தங்கும். வரையறையிலிருந்து ஒரு புலத்தை நீக்கினாலும் அட்டவணையில் அதன் பத்தி உடனே அழிவதில்லை. வெளியார் நிரப்புவதற்கு வலைப்படிவம் என்ற தனி வகை உண்டு.

பின்வந்த பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் சேர்க்கப்பட்டது.