தீவாந்தரம் போனவர்கள்

அந்தமானின் போர்ட் பிளேர் நகரிலுள்ள செல்லுலார் சிறையைக் காண நாங்கள் சென்றதற்குச் சிங்கப்பூர் வரலாறே காரணம். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கிய முதல் இந்தியக் கைதிகள் 80 பேர். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில், வங்காளத்திலிருந்து கடத்தப்பட்ட 122 பேர் வந்தனர். இவர்களும் பின்வந்தோரும் சாலை அமைத்தனர். சதுப்பு நிலம் தூர்த்தனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினர். 1873இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்பட்டபோது, ஆயுள் தண்டனை பெற்றிருந்தோர் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இத்தண்டனையைத் தமிழர் 'தீவாந்தரம்' என்றனர். வடமொழி வழிவந்த இச்சொல்லுக்கு 'வேறு தீவு' என்பது பொருள். இந்தியில் அது 'காலாபானி', அதாவது கருநீர். ஒன்று போய்ச்சேரும் கரையைச் சுட்டுகிறது. மற்றொன்று இடைப்பட்ட கடலைச் சுட்டுகிறது. 1873இல் சிங்கப்பூரிலிருந்து சென்றவர்களுக்கு அது இரண்டாம் தீவாந்தரம்.

எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி ஓர் இளம்பெண். முற்றத்து அரச மரத்தடியில் நிறுத்திக் கட்டடத்தை விளக்கினார். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த பணி, கட்டியவர்களும் கைதிகளே. நடுக் கோபுரத்திலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு பிரிவுகள் விரிந்திருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. ஆங்கிலேயர் இப்பிரிவுகளைச் சிறகு என்னும் பொருளில் 'விங்' என்றனர். பழந்தமிழில் 'சிறை' என்பதற்கும் சிறகு என்ற பொருள் உண்டென்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்தார். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போவதில்லை.

ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்குமாறு அமைத்திருக்கிறார்கள். கொட்டடிக்கு ஒருவர், எதிரே பார்ப்பதற்கு முகமில்லை. தாழ்ப்பாளோ கதவிலிருந்து தள்ளிச் சுவர்க்குழியில் பொருத்தப்பட்டுள்ளது. கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாது. நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே நின்று நீட்டிப் பார்த்தோம். பேச்சைத் தடுக்க இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த கட்டடத்தை மொழியியல் படித்தவர்கள் எளிதில் கடந்து போக முடியவில்லை. செக்கறையில், நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டவேண்டும் என்ற கணக்கை வழிகாட்டி சொன்னபோது உடன்வந்த மாணவர்கள் படமெடுப்பதை நிறுத்தினர்.

கோபுரத்தில் பளிங்குப் பலகைகள் உள்ளன. அரசியல் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1933 உண்ணாவிரதத்தில் உயிர்நீத்த மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகியோரைப் பற்றி வழிகாட்டி குரல் தாழ்த்திச் சொன்னார். 1979இல் இவ்விடம் தேசிய நினைவுச்சின்னமானதும் அவர்கள் பொருட்டே. அது தகும். ஆயினும் களவுக்கும் கொலைக்கும் தண்டிக்கப்பட்டு, காடு வெட்டி, இத்துறைமுக நகரையே எழுப்பிய சாதாரணக் கைதிகளுக்குப் பலகை இல்லை. குற்றவாளி என்ற ஒரே சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிடுவதை வரலாறு என்று நாங்கள் ஏற்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த கைதிகளைப் பற்றிக் கேட்டோம். பலகையில் உள்ளவர்களைப் பற்றி மட்டுமே தமக்குக் கற்பித்திருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. அவர் பேசிய இந்துஸ்தானியை நாங்கள் காலையிலிருந்தே கவனித்து வந்தோம். வங்காளி, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு எனப் பல தாய்மொழிக் கைதிகள் தமக்குள் பேசிப்பேசிப் பொதுவாக்கிக்கொண்ட மொழி அது. அவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியாயிற்று. அத்தகைய குடும்பத்தினரை அங்கே 'லோக்கல் பார்ன்' என்கின்றனர்.

"நீங்களுமா?" என்று கேட்டோம்.

ஆம் என்றார். கொள்ளுத்தாத்தா கைதியாக வந்தவராம். எந்த மாகாணத்திலிருந்து என்று வீட்டில் எவரும் சொன்னதில்லையாம். அடுத்த குழு வாயிலில் காத்திருந்தது. அவர் விடைபெற்றுச் சென்றார்.