செவண்டியின் மூச்சு

விடியற்காலை ஐந்து மணிக்கு ரப்பர் தோட்டத்து லயத்து வாசலில் நின்று அப்பா மோட்டாரை உதைப்பார். முதல் உதைக்கு எழாது என்பது அவருக்கும் தெரியும், அதற்கும் தெரியும். கால் தடுப்பின் இடைவெளியில் விரலை விட்டு, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சோக்கைப் போட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி உதைத்தால் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்துகொள்ளும். அந்த இருமல் அடுத்த வாசலுக்குத் தொற்றி, அதற்கடுத்த வாசலுக்கும் தொற்றி, பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, எல்லாரும் புறப்படும் நேரத்தில் லயம் முழுவதும் ஒரே குரலாகிவிடும். இன்று மலாக்காவில் தங்கா பத்திலிருந்து சுங்கை ஊடாங் வரை எந்த வாசலில் நின்று கேட்டாலும், பொத்தானை அழுத்தியதும் மோட்டார் மறுபேச்சில்லாமல் கிளம்புகிறது. இருமி எழுந்த அந்தக் குரலுக்கு உரியது, ஹோண்டா சி 70இன் காபரேட்டர், நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அதன் குலம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஹங்கேரியில் தோனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோலைக் காற்றில் தூவி எஞ்சினுக்கு ஊட்டும் வழியைக் கண்டார்கள். நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது அந்தக் குலத்தின் ஜப்பானியக் கிளை. ஹோண்டாவுக்குக் காபரேட்டர் செய்து கொடுத்த கெய்ஹின் நிறுவனம் 1956இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958இல், ஹோண்டா தன் சூப்பர் கப்பை வெளியிட்டது. சிறுவயதில் சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்து, பஸ் கழுவிப் பிழைத்து, மெக்கானிக்காகி முன்னுக்கு வந்த லோ பூன் சியூ அதே ஆண்டு ஜப்பான் சென்று சோய்ச்சிரோ ஹோண்டாவைச் சந்தித்தார். ஹோண்டா மோட்டார்களை மலாயாவில் விற்கும் உரிமையோடு திரும்பினார். ‘கப்’ என்ற பெயர் சீனர் வாயில் ‘கப்சாய்’ ஆகி, மலாய்க்காரர் வாய்க்கும் நம் வாய்க்கும் அப்படியே வந்தது. அதன் சி 70 வகை, தோட்டத்தில் நமக்குச் செவண்டி.

எழுபத்திரண்டு சி.சி., மூன்று கியர், கிளச் பிடி கிடையாது. ஜப்பானில் நூடல்ஸ் கொண்டுபோகும் கடைப் பையன் ஒரு கையால் ஓட்ட வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள் என்பார்கள். நம் தோட்டங்களில் அந்த மிச்சக் கையில் ரப்பர் பால் வாளி இருந்தது.

காபரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அடக்கம் தெரியும். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அலுமினிய உடம்பு. நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய ஒரு வழி. எஞ்சின் இழுக்கும் காற்று அந்த ஒடுக்கத்தில் வேகம் பிடிக்க, அங்கே அழுத்தம் குறைய, கீழே கிண்ணத்தில் காத்திருக்கும் பெட்ரோல் பித்தளை ஜெட் வழியே தானாக மேலேறிக் காற்றோடு கலக்கும். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் அது உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளி வாசலை அடைக்கும், குறைந்ததும் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். 75 என்று எண் குத்திய ஜெட்டின் துளை ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான். அந்த முக்கால் மில்லிமீட்டர் வழியாகத்தான் நம் குடும்பங்கள் தோட்டத்துக்கு வெளியே போய் வந்தன.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில் நம் உலகம் லயம், பால் ஸ்டோர், கோயில், தமிழ்ப்பள்ளி, சீனர் மளிகைக் கடை என்று ஒரு வட்டத்துக்குள் இருந்தது. செவண்டி வந்த பிறகு வெட்டுக்காட்டிலிருந்து திரும்பி, குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு மலாக்கா பட்டணத்துக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்ப முடிந்தது. நடுராத்திரியில் வலியெடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றதும், ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதும், தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியதும் அதன் மேல்தான். பின்னால் அம்மா, அவர் மடியில் தங்கை, முன்னால் நிற்க இடம் கிடைத்த நான், அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவே கூடையில் பூசைச் சாமான். இத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறும்போது காபரேட்டரின் குரல் தடிக்கும். திணறும். ஒருநாளும் பாதிவழியில் விட்டதில்லை.

அதற்குச் சோர்வு வரும், வந்தால் அதைச் சொல்லும். மழைக்காலத்தில் வேலையில்லாமல் பல நாள் நின்றால், கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி ஜெட்டின் வாயில் பிசினாக அடைத்துக்கொள்ளும். மரத்தில் கட்டிய மங்கில் பால் உறைவதை அறிந்த நமக்கு அதைப் புரியவைக்க யாரும் தேவைப்படவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தால் நோய் அண்டாது.

எங்கள் பக்கத்தில் அதற்கு வைத்தியர் ஒரு சீனக் கடைக்காரர், எங்களுக்குத் தவுக்கே. கடை என்று சொல்லத் தகரக் கூரையும் ஒரு பலகையும்தான். மைலோ டின்னில் பெட்ரோல் ஊற்றி, இரண்டு திருகாணியைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கி, ஒவ்வோர் உறுப்பாக அதில் போடுவார். அடைத்த ஜெட்டைக் குத்திவிட நான் ஒருமுறை கேபிள் கம்பியை எடுத்து நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். கம்பி பட்டால் துளை பெரிதாகும், பெரிதானால் அந்த ஜெட் இனி ஜெட் இல்லை. ஊறவைத்து வாயால் ஊதினார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என்னிடமும் கொடுத்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் வானம்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு காற்றுத் திருகை மெதுவாகக் கடைசிவரை முறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திரும்ப அவிழ்ப்பார். அது கணக்கு. அதற்குப் பிறகு கணக்கு இல்லை, காதுதான். மோட்டாரை உயிர்ப்பித்து, தலையைச் சாய்த்து, அப்பாவைப் பார்த்து “டெங்கார்” என்பார். கேள். இருவரும் கேட்பார்கள். திருகு ஒரு முள் இந்தப் பக்கம், ஒரு முள் அந்தப் பக்கம். குரல் சமமாக நின்ற இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுவார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்தச் சத்தம் இருவருக்கும் முழுதாகத் தெரிந்தது.

காபரேட்டரை வீழ்த்தியது எது என்று கேட்டால் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது, செம்பனைக் காட்டில் ஒரு பகுதி வீட்டுமனையாயிற்று. லயத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1980களின் பிற்பகுதியில் ஹோண்டாவின் இ.எக்ஸ்.5 வந்து செவண்டியின் இடத்தைப் பிடித்தது. அதற்கும் காபரேட்டர்தான் என்பதால் அப்போது நாம் எதையும் இழக்கவில்லை. தங்கா பத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1994இல் இயங்கத் தொடங்கியது. பெட்ரோல் பிறக்கும் இடம் நம் பக்கத்து ஊராயிற்று, அதைக் குடித்து நம்மைச் சுமந்தது போகும் வழியில் இருந்தது. புகைக்குக் கட்டுப்பாடு இறுக இறுக, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை ஒவ்வொரு நொடியும் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. எண் குத்திய பித்தளைத் துளைக்கு அது முடியாத காரியம். ஜப்பானில் 2007இல் கப்பின் காபரேட்டர் இருந்த இடத்தில் ஊசிபோல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. வந்தது, பின்னாளில் நம் இ.எக்ஸ்.5உம் அப்படியே ஆனது. புதியது குறைவாகக் குடிக்கிறது, குறைவாகப் புகைக்கிறது. வாரிசு நல்ல பிள்ளைதான். 2021 ஜனவரியில் கெய்ஹின் வேறு மூன்று நிறுவனங்களோடு இணைந்து ஹித்தாச்சி அஸ்தெமோ ஆயிற்று. காபரேட்டரின் வயிற்றில் பொறித்திருந்த பெயரில் தனி நிறுவனம் அதோடு இல்லாமல் போயிற்று.

அப்பாவின் செவண்டி படுக்கையில் விழுந்தது மிதவை ஊசியால். எடுத்துப் பார்த்தபோது அதன் கூர்முனையில் நகக்கீறல்போல ஒரு வளையம். அத்தனை ஆண்டு திறந்து மூடிய தேய்மானம். அதனால் வாசல் சரியாக அடையாமல் பெட்ரோல் வழிந்தது, வீடெல்லாம் வாடை. தவுக்கே காலமாகிவிட்டார், அவர் பிள்ளைக்கு வேறு தொழில். நான் மலாக்கா, அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஊசி கேட்டால் முழுக் காபரேட்டரையே நீட்டினார்கள். பளபளப்பான நகல், விலையும் மலிவு. ஓரிடத்தில் ஜெட்டும் ஊசியும் சேர்ந்த ஒரு பொட்டலம் வாங்கினேன். ஜெட்டில் 75 என்று குத்தியிருந்தது. பூட்டி ஓட்டியதில் பிளக் கரியாகி வந்தது. பழைய ஜெட்டையும் புதியதையும் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தேன். வட்டங்கள் இரண்டும் ஒன்றல்ல.

பல மாதம் கழித்து, மூடப்போகும் ஒரு கடையில், கல்லாவுக்கு அடியிலிருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார் ஒரு வயதானவர். பழுப்பேறிய உறைக்குள் ஓர் ஊசி, அசல். இதற்கு எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை அசைத்து, எடுத்துப் போ என்றார். அன்று சாயங்காலம் அப்பாவே பூட்டினார். அவர் விரல்கள் நடுங்கின. ஊசியை மிதவையில் கோத்து அச்சாணியைச் செருகுவதற்குள் மூன்று முறை நழுவியது. நான் கை நீட்டவில்லை. கிண்ணத்தை மூடி, குழாயைத் திறந்து, வழிகிறதா என்று அடியில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. உதைத்தோம். இருமிவிட்டு எழுந்தது.

அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. மெல்ல மெல்ல அதன் குரல் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கத் தொடங்கியது. காற்றுத் திருகுக்கு மசியவில்லை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் இன்னோர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கியும் சரிவரவில்லை. ஆக்சிலேட்டர் முறுக்கும்போது ஏறி இறங்கும் உருளையும் அது உரசும் சுவரும் தேய்ந்து, இடுக்கு வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. உறுப்பு தேய்ந்தால் மாற்றலாம். உடம்பே தேய்ந்துவிட்டது. நகல் காபரேட்டரைப் பூட்டிவிடவா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம்பா, ஓடினது போதும் என்றார்.

எங்கள் பாயா ரும்புட் வீட்டு வாசலில் நிறுத்தி, கடைசியாக ஒருமுறை உதைத்தார். எழுந்ததும் அதை அணைக்கவில்லை. கால் தடுப்பின் இடைவெளியில் விரலை விட்டுப் பெட்ரோல் குழாயை மூடினார். கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடட்டும், பிசின் பிடிக்கக் கூடாது, அதுதான் பழக்கம். நாங்கள் காத்திருந்தோம். பெட்ரோல் குறையக் குறையச் சத்தம் இளைத்து வந்தது. தீரும் தறுவாயில் ஒரு கணம் குரல் உயர்ந்து, செம்மண் மேட்டில் ஏறிய நாள்போல ஓங்கி, நின்றது. அப்பா குனிந்து கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, கீழே மைலோ டின்னைப் பிடித்தார். நாலைந்து சொட்டுதான் விழுந்தது.