துருப்பிடித்த ரம்பமும் புதுக் கைப்பிடியும்

ஒரு கை ரம்பத்தில் முதலில் கெட்டுப்போவது எது? பற்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் பல ரம்பங்களில் முதலில் போவது மரக் கைப்பிடி! வியர்வை, மழை, கரையான், கீழே விழும் அடி... இத்தனையையும் மரம் தாங்காது. தகடு மட்டும் துருவேறிப் பரணில் கிடக்கும்.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் ரம்பத்துக்கு வேலை அதிகம். மேலே இருப்பது ஏலமலை. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை அழிக்காமல், கிளைகளை மட்டும் கழித்து வெளிச்சம் விடுவார்கள். கீழே ஊருக்குள் கதவு, நிலை, கட்டில் வேலை. ஆனாலும் பிடி உடைந்த ரம்பம் பரணிலிருந்து இறங்கினால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிறது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு தெரிந்தால் எடைக்குப் போட மனம் வருமா?

எஃகு வந்த வழி

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு உருக்கும் தொழில் நடந்ததைக் காட்டின. மண் மூசையில் வைத்து உருக்கிய தென்னிந்திய எஃகை ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புடைய பெயர் இது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் இதை ஆராய்ந்தார்.

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் தனியாக ஒரு மூசை எஃகு முறையைக் கண்டார். அதன்பின் ஷெபீல்டு கருவிகள் உலகம் முழுக்கப் போயின. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கும் வந்தன. எஃகை ஏற்றுமதி செய்த நாடு ரம்பத்தை இறக்குமதி செய்தது! இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஹென்றி டிஸ்டன் 1840-இல் பிலடெல்பியாவில் ரம்பத் தொழில் தொடங்கி, 1855-இல் சொந்தமாக எஃகும் உருக்கினார்.

திருகாணியின் புத்திசாலித்தனம்

இந்த ரம்பங்களில் கைப்பிடி தகட்டோடு ஒட்டப்படவில்லை. பித்தளைத் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். மரம் போய்விடும், எஃகு நிற்கும் என்பது செய்தவனுக்குத் தெரியும். திருகாணியைக் கழற்றினால் பழைய பிடி வெளியே, புதுப் பிடி உள்ளே!

முதலில் தகட்டின் துருவை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, ஒரு மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தகட்டில் பொறித்த முத்திரை அழிந்துவிடும். ரம்பத்தின் பிறப்புச் சான்றிதழே அதுதான். பிறகு முக்கோண அரத்தால் பற்களைக் கூராக்கி, ஒரு பல் இடம், ஒரு பல் வலம் என்று லேசாக வளைக்க வேண்டும். அப்போதுதான் அறுக்கும் தடம் தகட்டைவிடச் சற்று அகலமாகி, ரம்பம் மரத்தில் சிக்காது.

பிடிக்குத் தேக்கு, பலா போன்ற காய்ந்த மரம் போதும். உடைந்த நாற்காலித் துண்டும் ஆகும். கவனிக்க வேண்டியது மரத்தின் ரேகை. விரல் பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில் ரேகை குறுக்கே ஓடினால் பிடி அங்கேயே உடையும். நீளவாக்கில் ஓட வேண்டும். தகடு நுழையப் பிளவு, திருகாணிக்குத் துளை, கடைசியில் எண்ணெய்ப் பூச்சு. பழைய பிடியின் துண்டுகளைக் காகிதத்தில் வைத்து வரைந்தால் அளவு கிடைத்துவிடும். விரல்கள் அமரும் வளைவைத் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

கணக்குப் பதிவியலில் பல ஆண்டு பயன் தரும் பொருளை வாங்குவது முதலினச் செலவு. உடனே தீர்ந்துபோவது வருவாயினச் செலவு. தச்சருக்கு ரம்பம் முதலினச் செலவாக இருந்தது. அப்பாவின் ரம்பம் மகன் கைக்கு வரும்.

இன்று கடையில் தொங்கும் பல பிளாஸ்டிக் பிடி ரம்பங்களில் பல்முனை மட்டும் மிகக் கடினமாக்கப்பட்டிருக்கிறது. மழுங்க நாளாகும், உண்மைதான். ஆனால் மழுங்கினால் அரம் வழுக்கிவிடும், கூராக்க முடியாது. தூக்கிப்போட்டு வேறு வாங்க வேண்டியதுதான். அதாவது தச்சரின் முதல் சத்தமில்லாமல் செலவாக மாறிவிட்டது! கூடவே அரம் போடத் தெரிந்தவரின் பிழைப்பும் போகிறது.

தேய்மானம் கழித்துக் கழித்துப் பேரேட்டில் பூஜ்யமான பழைய ரம்பம், ஒரு துண்டு மரமும் ஒரு நாள் உழைப்பும் கிடைத்தால் மறுபடி மரம் அறுக்கும். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறதா? இரும்புக் கடைக்குப் போடுமுன் திருகாணியை ஒருமுறை திருகிப் பாருங்கள்!