டீசலோடு ஒட்டாத எரிசாராயம்

காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாயிற்று. என் பழைய டீசல் ஜீப்பிலும் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கலாமா சார்?" வேண்டாம் என்று சொல்லி, சுவீடன் கதையைச் சொன்னேன்.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீ வைக்கும். டீசல் எஞ்சினில் அது கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் தானே பற்ற வேண்டும். எரிசாராயம் அப்படி எளிதில் பற்றாது. டீசலில் கலந்தாலும், கொஞ்சம் தண்ணீர் பட்டால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். டீசலின் வழவழப்பும் அதில் இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் தேயும். ஒரு லிட்டர் டீசல் தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் எத்தனால் வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் 1980களின் இறுதியில் எத்தனால் பஸ்களை விடத் தொடங்கினார்கள். ஆனால் டீசலில் கலந்து அல்ல. 95 சதவீதம் எத்தனால். மீதி 5 சதவீதம், பற்றவைக்க உதவும் ரசாயனமும் மசகும். எஞ்சினையும் அதற்கேற்ப மாற்றினார்கள். சாதாரண டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம் 18:1 அளவில் இருக்கும்; ஸ்கானியா அதை 28:1 வரை உயர்த்தியது. 2014ல் அப்படியொரு பஸ் நாக்பூருக்கும் வந்தது.

டீசலில் எத்தனால் கலந்தது சரிவரவில்லை, இப்போது ஐசோபியூட்டனாலைச் சோதிக்கிறோம் என்று 2025ல் அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். அதுவும் ஆல்கஹால்தான், ஆனால் டீசலோடு நன்றாகக் கலக்கும்.

எஞ்சினை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றினால் செலவு நம் தலையில்தான். நண்பர் டாங்க் மூடியைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.