பாளையத்தில் தங்கியவர்கள்: எல்தாத், மேதாத், நெகிரி செம்பிலான் தோட்டத்துச் சபைகள்

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் சில வசனங்களில் மட்டும் வந்து மறைகிறவர்கள் எல்தாதும் மேதாதும். வேதாகமத்தில் வேறெங்கும் இவர்கள் பேச்சே இல்லை. ஜனங்களின் பாரத்தைத் தனியாகச் சுமக்க முடியவில்லை என்று மோசே முறையிடுகிறார். மூப்பர் எழுபது பேரை ஆசரிப்புக் கூடாரத்தண்டை கூட்டிவரும்படி கர்த்தர் சொல்கிறார். பேர்வழியில் எழுதப்பட்டிருந்தும் இவ்விருவரும் பாளையத்திலேயே இருந்துவிட்டார்கள். ஆவி அங்கேயே அவர்கள்மேல் இறங்க, தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அவர்களைத் தடுக்கும்படி யோசுவா கேட்கிறார். மோசே மறுக்கிறார்.

அவர்கள் ஏன் போகவில்லை என்பதை வேதபாடம் சொல்லவில்லை. அது தாழ்மையினால் என்று யூதரின் தல்மூது விளக்கம் தருகிறது. அவர்கள் பெயரால் ஒரு நூல் வழங்கியதை இரண்டாம் நூற்றாண்டின் ‘எர்மாவின் மேய்ப்பர்’ காட்டுகிறது. ஆதிச்சபை இவர்களை மறக்கவில்லை. நம் பிரசங்கபீடங்கள்தாம் மறந்துவிட்டன.

இப்பகுதியை ‘யார் வேண்டுமானாலும் பிரசங்கிக்கலாம்’ என்பதற்கு ஆதாரமாக்குவது தவறு. அதே நூலின் 16ஆம் அதிகாரத்தில் கோராகு ஆசாரியப் பட்டத்தையே கேட்டு எழும்பி அழிகிறான். எல்தாதும் மேதாதும் பட்டம் எதையும் கேட்கவில்லை. பேர்வழியில் இருந்த அவர்களுடைய அழைப்பு மெய்யானது. நின்ற இடம்தான் வேறு. யோசுவாவிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் தோன்றவில்லை. தன் தலைவரின் கனம் குறைந்துவிடக்கூடாதே என்ற விசுவாசம்தான் அவரைப் பேசவைத்தது. தலைவர்கள் அஞ்சவேண்டியது இந்த விசுவாசத்துக்குத்தான். யோசுவாவின் சொல்லை மோசே கேட்டிருந்தால், இறக்கிவைக்க வேண்டிக்கொண்ட பாரமே மீண்டும் அவர் தலையில் ஏறியிருக்கும்.

இதன் பொருள் ரஹாங் பகுதியில் தெளிவாக விளங்கும். ரஹாங் இன்று மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிரம்பான் நகரத்தோடு ஒட்டிய இடம். சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், ஐயர் (போதகர்) நகரத்தில் இருந்தார். தோட்டங்களுக்கு முறைவைத்து வந்துபோனார். இடைப்பட்ட நாட்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியார், சில தோட்டங்களில் ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்), அல்லது வாசிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி. விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெடுப்பில் பேர் கொடுத்து, மரம் சீவி, பாலை நிறுத்துக்கொடுத்துவிட்டு வந்தவரே மாலையில் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் விளக்கு வைத்து வேதம் வாசித்தார். திடீரென்று சாவு விழுந்தால் அடக்க ஜெபம் செய்தவரும் அவரே. திருவிருந்துக்கு மட்டும் ஐயர் வரும்வரை ஜனங்கள் காத்திருந்தார்கள். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் ஐரோப்பியப் போதகர் பலர் சிறைப்பட்டார்கள். தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் லயத்து ஜெபம் நின்றுவிடாதபடி காத்தவர்கள் பட்டம் பெறாத இந்த மனிதர்கள்தான். இவர்களுக்கு நம் சபை வரலாறு கொடுத்திருக்கும் இடம் மிகச் சிறியது. போதகர்களின் வரிசையே சபையின் வரலாறு என்று எழுதப் பழகியதன் விளைவு அது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் போனது. லயத்து ஜனங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்தில் ஜெபம் நடத்தியவர் நகரச் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை ஒழுங்கும் கமிட்டி விதிகளும் அவசியம், அதில் ஐயமில்லை. ஆனால் வரம் பெற்ற ஒருவரை ‘பயிற்சிச் சான்றிதழ் இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக வாய்மூட வைக்கும் சபை, மோசேயின் பக்கம் நிற்கவில்லை. யோசுவாவின் அன்றைய தவறையே சட்டமாக்கிக்கொள்கிறது. இயேசுவின் சீஷரான யோவானும் ஒருமுறை தங்களைச் சேராத ஒருவரை அப்படியே தடுத்தார். இயேசு அதை ஏற்கவில்லை என்று மாற்கு 9 சொல்கிறது.

சிரம்பான் வட்டாரச் சபைத் தலைவர்கள் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஜெபம் நடத்தியவர்கள் யார் என்பதை ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடியும், அந்த லயங்களில் வளர்ந்த முதியவர்களின் வாயிலிருந்து கேட்டும் எழுதிவைக்க வேண்டும். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் சபைகளில் இருக்கிறார்கள், தாமதிக்க வேண்டாம்.