'சுழி': நீரின் பெயர் எண்ணின் பெயரான வரலாறு

'சுழி' என்னும் சொல் இன்று ஆற்றுநீரின் சுழலையும் பூச்சியம் என்னும் எண்ணையும் ஒருங்கே குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்திருப்பதையே சான்றாகக் கொண்டு, பூச்சியக் கருத்து பண்டைத் தமிழரிடம் தோன்றியது என வாதிடுவோர் உளர். சொல்லின் வரலாறு அவ்வாதத்திற்குத் துணைநிற்கவில்லை.

நீர்ச்சுழல் என்னும் பொருளின் தொன்மையில் ஐயமில்லை. மலையாளத்தில் 'சுழி', கன்னடத்தில் 'சுளி', தெலுங்கில் 'சுடி' என இச்சொல் அதே பொருளில் வழங்குகிறது. தமிழ் ழகரத்திற்குத் தெலுங்கில் டகரமும் இன்றைய கன்னடத்தில் ளகரமும் நிகராக வருவதைக் கோழி, கோடி, கோளி எனவும் ஏழு, ஏடு, ஏளு எனவும் பிற சொற்களிலும் காணலாம். ஆகவே இது கடன்சொல் அன்று. இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே வழங்கிய பொதுச்சொல்.

பொருள் விரிவுக்கு வழிகோலியது வடிவ ஒப்புமையே. பொருநராற்றுப்படை விறலியின் கொப்பூழை நீர்ச்சுழிக்கு ஒப்பிடுகிறது. தலைமயிர்ச் சுழி, மாட்டின் சுழி, பிள்ளையார் சுழி ஆகியனவும் வளைவு கருதி எழுந்தவை. பள்ளிச் சிறுவர் இன்றும் னகரத்தை 'ரெண்டு சுழி' என்றும் ணகரத்தை 'மூணு சுழி' என்றும் வேறுபடுத்துகின்றனர். இங்கு 'ஒன்றுமின்மை' என்னும் பொருளுக்கே இடமில்லை. நீர்ப்பொருளோ ஊர்ப்பெயரிலும் நிலைத்துள்ளது. சுந்தரர் பாடிய திருச்சுழியல், இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, ஊழிவெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து நிலத்துள் புகச்செய்த இடம் எனத் தலபுராணம் கூறும். பெயருக்குப் பின்னர்ப் புனையப்பட்ட விளக்கமாகவே இது தோன்றுகிறது; எனினும் புராணம் இயற்றியோர் 'சுழி' என்றதும் வெள்ளத்தையே நினைத்தனர் என்பது கருதத்தக்கது.

எண்ணுக்கு வருவோம். மரபான தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால் பூச்சியக் குறி தேவைப்படவில்லை. பிற்காலத்தில் இடமதிப்பு முறையோடு வந்த வட்டக் குறியே, அதன் வடிவத்தால் 'சுழி' எனப் பெயர் பெற்றிருக்க வேண்டும். உறவுமொழிகள் இதனை உறுதிசெய்கின்றன. தெலுங்கின் 'சுன்ன', கன்னடத்தின் 'சொன்னெ' ஆகியன வடமொழிச் 'சூன்ய'த்தின் வழிவந்தவை. மலையாளத்தில் அவ்வெண் 'பூஜ்யம்'. அங்கே 'சுழி' இன்றும் பெரிதும் நீரையே குறிக்கிறது.